ரெண்டு ஞாயிறு முதலுதவி வகுப்புக்குப் போய் வந்தனான் – 3500 ரூபா குடுத்துப் போகலாமோ?

எங்கட ஊர் வாசிகசாலை மண்டபத்தில போன மாசம் ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வச்ச அவசர முதலுதவி வகுப்புக்குப் போனனான், ஆளுக்கு 3500 ரூபா, மத்தியானச் சாப்பாடும் ரெண்டு நேரத் தேத்தண்ணியும் அதுக்குள்ள. கடைக்கு வாற ஆக்கள் எல்லாரும் எப்பிடி இருந்தது, காசு குடுத்துப் போகலாமோ எண்டு கேக்கினம், ஒவ்வொராளுக்கும் நிண்டு சொல்ல ஏலாது, அதால இதில வடிவா எழுதிவிடுறன். போகலாம், கட்டாயம் போங்கோ. குறையும் இருக்கு, அதையும் சொல்லுவன். ஆனா நான் ஏன் போனனான் எண்டதை முதல் சொல்லோணும்.

2014 இல எங்கட அப்பா விடிய தோட்டத்தில வெங்காயத்துக்குத் தண்ணி மாறிப்போட்டு வந்து விறாந்தைக் கதிரையில இருந்தவர், மேல் வயித்துக்குள்ள ஏதோ அமத்துது எண்டார். வாய்வாக்கும் எண்டு அம்மா ஓமத்தண்ணி குடுத்தா, பக்கத்து வீட்டு மாமி உள்ளி சுட்டுக் கொண்டந்தா, நான் நிண்டு முதுகு தடவி விட்டனான். வேர்வை எண்டால் அப்பிடி ஒரு வேர்வை. துவாயால கழுத்தைத் துடைச்சுப்போட்டு கையை எடுக்க முதல் திருப்பி நனைஞ்சிட்டுது, அவ்வளவு வெய்யிலுக்குள்ளயும் தோல் சில்லெண்டு இருந்தது. நெஞ்சு நோகுதோ எண்டு கேட்டனாங்கள், இல்லைப் பிள்ளை வயிறுதான் எண்டவர், அதால ஹார்ட் அற்றாக் எண்டு எங்களில ஒருத்தருக்கும் படேல்லை. ரெண்டரை மணித்தியாலம் அப்பிடியே வச்சிருந்தம். பேந்து ஓட்டோ பிடிச்சு ஏத்திக்கொண்டு போகேக்க ஓட்டோவுக்குள்ளயே என்ர மடியில முடிஞ்சுது. 63 வயசு, 12 வருசமா சலரோகக் குளிசை போட்டவர்.

அந்தத் துவாய் இத்தனை வருசமா எனக்குள்ள கிடந்தது, அதாலதான் நோட்டீஸைக் கண்ட உடன பேரைக் குடுத்தனான்.

படிப்பிச்சது அம்புலன்சில கன வருசம் ஈஎம்ரியா, அதுதான் வருத்தக்காரரை அம்புலன்சுக்குள்ள வச்சுப் பாக்கிற ஆளா, வேலை செய்த ஒரு தம்பி, முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும், இங்கத்தைப் பிள்ளைதான், எங்கட கதையிலயே கதைக்கிறார். அதுவே பெரிய விசயம், ஏன் எண்டால் இதுக்கு முதல் நான் வேறொரு இடத்தில அரைநாள் வகுப்பொண்டுக்குப் போய் இருந்துபோட்டு ஒண்டும் விளங்காம எழும்பி வந்தனான், முழுக்க இங்கிலிஷ் ஸ்லைட்.

முதல்நாள் விடிய பண்டேஜ் கட்டுறதில தொடங்குவினம் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்க, தம்பி ஒண்டையும் எடுக்கேல்லை. ஒழுங்கு செய்தவையில ஒராளை வாசலடியில கதிரை போட்டு இருத்தினார், முன்னுக்குக் குனிஞ்சு ரெண்டு கையையும் முழங்காலில ஊண்டிக்கொண்டு மூச்சு எடுக்கக் கஷ்டப்படுற மாதிரி. எங்களைப் படலையடியில நிப்பாட்டி, 10 செக்கன் பாருங்கோ, பாத்திட்டு வந்து சொல்லுங்கோ எண்டார். நாங்கள் ஓடிவந்து ஆஸ்மா எண்டு ஒராள், அற்றாக் எண்டு ஒராள், பிரஷர் எண்டு நான். "அக்கா, நீங்கள் கண்டது என்ன? நினைச்சதை நான் கேக்கேல்லை" எண்டார். ஒருத்தராலயும் சொல்ல ஏலேல்லை. நான் அந்த ஆளின்ர முகத்தைப் பாத்தனானே தவிர கை எங்க இருந்தது எண்டே தெரியாது. திருப்பி அனுப்பினார். ரெண்டாந்தரம் பாக்கேக்கதான் தெரிஞ்சுது, முன்னுக்குக் குனிஞ்சிருக்கிறார், தோள்மூட்டு மூச்சோட ஏறி இறங்குது, வாய் திறந்திருக்கு, ஒரு வசனம் முழுசாச் சொல்லாம ரெண்டு ரெண்டு சொல்லா வெட்டி வெட்டிக் கதைக்கிறார். இவ்வளவும் படலையில இருந்தே தெரியுது, ஆளைத் தொடவும் இல்லை, ஒரு மெசினும் இல்லை.

வருத்தத்துக்குப் பேர் வைக்கிறது டொக்டர்மாற்ற வேலை, நீங்கள் முதல் பாக்கவேண்டியது இந்த ஆளுக்கு மூச்சுப் போற வழி திறந்திருக்கோ, மூச்சு ஒழுங்கா வருதோ, ரத்த ஓட்டம் இருக்கோ, எங்களோட நினைவா கதைக்கிறாரோ எண்டு அந்த ஒழுங்கில எண்டு சொன்னார். மூச்சு எண்ணக் காட்டித் தந்த விதம் எனக்கு நல்லாப் பிடிச்சது. மூச்சு எண்ணுறன் எண்டு ஆளுக்குச் சொன்னா அவர் தன்ர மூச்சை மாத்திப்போடுவார், அதால நாடி பாக்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சுக்கொண்டு கண்ணை மட்டும் நெஞ்சில வச்சு 30 செக்கன் எண்ணி ரெண்டால பெருக்கோணும், வளந்த ஆளுக்கு நிமிசத்துக்கு 12 இல இருந்து 20 வரை சரி, அதுக்கு நல்லா மேல போனாலும் கீழ போனாலும் பிசகு. கொரோனா நேரம் எல்லாரும் வாங்கி வச்ச விரலில மாட்டுற மெசினைப் பற்றியும் சொன்னார், கை குளிர்ந்து கிடந்தாலோ நகத்துக்குப் பூச்சுப் பூசியிருந்தாலோ அது பிழையாக் காட்டும், நம்பரைப் பாக்காதேங்கோ ஆளைப் பாருங்கோ எண்டு.

பிறகு நெஞ்சு. கல்லு வச்ச மாதிரி நடு நெஞ்சில அமத்துறது, இடது கைக்கும் தாடைக்கும் போறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சது. ஆனா சலரோகக்காரருக்கும் வயசு போன ஆக்களுக்கும் பொம்பிளையளுக்கும் சிலவேளை நெஞ்சு நோகவே நோகாது, மேல் வயித்தில அமத்துற மாதிரி, சத்தி வாற மாதிரி, சும்மா இருக்க மூச்சு வாங்கிற மாதிரி வரும், அதோட குளிர்ந்த வேர்வை ஊத்தினா அதை வாய்வு எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ எண்டு அவர் சொல்லேக்க எனக்கு அந்தத் துவாய்தான் கண்ணுக்குள்ள வந்தது. நான் எழும்பி கிணத்தடிக்குப் போய் முகத்தைக் கழுவிப்போட்டு வந்து இருந்தன். அவர் கண்டிருப்பார், ஒண்டும் கேக்கேல்லை. தேத்தண்ணி நேரம் நானாப் போய்க் கேட்டன், எங்கட அப்பாவுக்கு அண்டைக்கு என்ன செய்திருக்கலாம் எண்டு. நடக்க விடாம இருத்தி, இறுக்கமான உடுப்பைத் தளத்தி, அம்புலன்ஸுக்கு அடிச்சுப்போட்டு, அலர்ஜியோ ரத்தம் போற வருத்தமோ இல்லாத ஆளெண்டால் போனில இருக்கிறவையைக் கேட்டு 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பிச் சாப்பிடக் குடுக்கலாம், விழுங்கிறதிலும் சப்பினா கெதியா வேலை செய்யும் எண்டார். அப்ப 2014 இல 1990 எண்ட நம்பருக்கு அடிக்கிற அம்புலன்ஸ் சேவை இங்க இல்லை அக்கா, நீங்கள் உங்களைப் பிழை சொல்லாதேங்கோ எண்டும் சொன்னார். உண்மைதான், அந்தச் சேவை மேல் மாகாணத்திலயும் தெற்கிலயும் 2016 இல தொடங்கி, வடக்குக்கு 2018 ஆடியிலதான் யாழ்ப்பாணத்தில வச்சுத் தொடங்கினவை. இருந்தாலும் ரெண்டரை மணித்தியாலம் ரெண்டரை மணித்தியாலம்தான்.

1990க்குக் காசு இல்லை எண்டது இன்னும் கன பேருக்குத் தெரியாது எண்டதை வகுப்பிலயே கண்டன், பக்கத்தில இருந்த ஒரு ஆசிரியை அம்மா எவ்வளவு எடுப்பினம் எண்டு கேட்டவ. ஒரு சதமும் இல்லை, தமிழிலயே கதைக்கலாம். அடிச்ச உடன இடத்தைச் சொல்லுங்கோ, லைன் வெட்டுப்பட்டாலும் வந்து சேருவினம். எங்கட ஒழுங்கையளுக்குப் பேரும் இல்லை நம்பரும் இல்லை, அதால எந்தச் சந்தி, எந்த வைரவர் கோயிலடி, என்ன நிறக் கேற் எண்டு சொல்லி, ஒரு பெடியனை மெயின் றோட்டில நிப்பாட்டி விடோணும். அவை சொல்லுமட்டும் போனை வைக்கக்கூடாது, வாற வழியிலயே என்ன செய்யிறதெண்டு சொல்லித் தருவினம்.

இனி சொல்லப்போறதுக்காகவே இந்த 3500 ரூபா காணும் எண்டு நான் சொல்லுவன். எங்கட சனம் "சேடம் இழுக்குது" எண்டு சொல்லும், தெரியும்தானே, ஆள் விழுந்து கிடக்கும், வாயைத் திறந்து திறந்து இடைக்கிடை குறட்டை மாதிரி ஒரு இழுப்பு, உடன எல்லாரும் சுத்தி நிண்டு தேவாரம் பாடி வாய்க்குள்ள பால் விடுவினம். கன காலமாப் படுக்கையில இருந்து வயசு போய் முடியிற ஆளுக்கு அது வேற, அதில தான் கை வைக்கேல்லை எண்டு தம்பி சொன்னவர். ஆனா பத்து நிமிசத்துக்கு முதல் எழும்பி நடந்து திரிஞ்ச ஆள் திடீரெண்டு விழுந்து, கூப்பிட்டாலும் தட்டினாலும் அசைவில்லாம இப்பிடி இழுத்தா அது மூச்சில்லை, இதயம் நிண்டிட்டுது, அந்த இழுப்பைக் கண்டு மூச்சு இருக்குத்தானே எண்டு பாத்துக்கொண்டு நிக்கிற ஒவ்வொரு நிமிசத்துக்கும் அந்த ஆள் பிழைக்கிற வாய்ப்பில நூற்றுக்கு 7 தொடக்கம் 10 வரை போயிடும். அவர் அந்த இழுப்பைத் தானே தரையில படுத்துக் காட்டினவர். மண்டபத்தில ஒரு சத்தமும் இல்லை. பின்னால இருந்த ஒரு அண்ணை மட்டும் "எங்கட மச்சானுக்கு இப்பிடித்தான்" எண்டு சொல்லிப்போட்டு அதுக்குமேல கதைக்கேல்லை.

உடன ரெண்டு கையையும் நடு நெஞ்சில வச்சு முழங்கையை மடக்காம 5 இல இருந்து 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிசத்துக்கு 100 இல இருந்து 120 தரம் அமத்தோணும். ஒவ்வொரு அமத்தலுக்கும் பிறகு நெஞ்சு முழுசா மேல வர விடோணும், 30 அமத்தலுக்கு ரெண்டு மூச்சு வாயால ஊதோணும், வாய் வைக்க விருப்பமில்லாட்டி அமத்தலை மட்டும் விடாமச் செய்யுங்கோ. சொல்ல லேசு. பொம்மையில செய்து பாத்தா ஒரு நிமிசத்தில எனக்குக் கை நடுங்கிச்சு, நான் அமத்தினது 3 சென்ரிமீற்றரும் வராதாம், பொம்மைக்குள்ள இருக்கிற கிளிக் சத்தம் கேக்கவே இல்லை. கையை இறுக்காதேங்கோ அக்கா, உடம்பின்ர பாரத்தைக் குடுங்கோ எண்டு என்ர தோளைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளிவிட்டார், டக்கெண்டு கிளிக் கேட்டுது. அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ள இருக்கு. ரெண்டு நிமிசத்துக்கு ஒருக்கா ஆள் மாறோணும், தனிய ஒராளால நெடுக ஏலாது.

பாம்புக் கடிக்கு ரெண்டாம் நாள் விடிய முழுக்க எடுத்தவர், தோட்டக்காரர் கன பேர் வந்ததால அது சரியான முடிவு. புடையன், சுருட்டை, நாகம், கட்டுவிரியன் எல்லாம் படத்தோட. இறுக்கிக் கட்டக்கூடாது, வெட்டக்கூடாது, உறிஞ்சக்கூடாது, மோதிரம் காப்பெல்லாம் வீங்க முதல் கழட்டி, கடிச்ச காலைத் தடி வச்சு அசையாமக் கட்டி, ஆளை நடக்க விடாமக் கொண்டு போறது. பாம்பை அடிச்சுச் சொப்பிங் பையில போட்டுக் கொண்டு போகத் தேவையில்லை, எட்ட நிண்டு போனில ஒரு படம் எடுக்க ஏலுமெண்டால் காணும். கட்டுவிரியன் இரவில பாய் போட்டுப் படுத்திருக்கிற ஆளைக் கடிக்கும், கடிச்ச இடம் பெரிசா நோகாது, அடையாளமும் தெரியாது, விடியக்காலமை வயித்துக்குத்து எண்டு எழும்புவினம், பிறகு கண்மடல் தூக்க ஏலாமக் கீழ விழும், அதைக் கண்டா அடுத்ததா மூச்சும் நிக்கலாம் எண்டு அர்த்தம். எனக்குப் புதுசா இருந்தது ஆஸ்பத்திரியில நடக்கிறதைச் சொன்னதுதான். ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில எடுத்து 20 நிமிசம் அசைக்காம வச்சு உறையுதோ எண்டு பாப்பினம், விசம் ஏறின அறிகுறி இருந்தாத்தான் விசமுறிப்பு மருந்து ஏத்துவினம், ஏன் எண்டால் அந்த மருந்தே சில ஆக்களுக்குப் பெரிய அலர்ஜியைக் குடுக்கும். ஊசி போடாமச் சும்மா இருத்தி வச்சிருக்கினம் எண்டு வாட்டில சண்டை பிடிச்ச ஆக்களை எனக்கே தெரியும். விசகடி வைத்தியரிட்ட போறதைப் பற்றி ஒரு ஐயா கேட்டவர், தம்பி அவரை எடுத்தெறிஞ்சு கதைக்கேல்லை, முதல் ஆஸ்பத்திரி, திரும்பி வந்து ஆரிட்ட வேணுமெண்டாலும் போங்கோ ஐயா எண்டவர்.

மற்றதெல்லாம் ஓட்டம்தான். வலிப்பு வந்தா கையில திறப்புக்கோர்வை திணிக்காம, வாய்க்குள்ள ஒண்டும் வைக்காம, ஆளைச் சரிச்சுவிட்டு நேரத்தைப் பாக்கோணும், 5 நிமிசத்துக்கு மேல போனா அவசரம். சுட்டா 20 நிமிசம் ஓடுற தண்ணி, பற்பசை வேண்டாம். தண்ணி மோட்டரில கரண்ட் அடிச்சா மெயின் சுவிச்சை நிப்பாட்டாம ஆளைத் தொடக்கூடாது, இதை எங்கட பக்கம் எத்தினை வீட்டில எத்தினை தரம் கேள்விப்பட்டிட்டம். பாரிசவாதத்துக்கு வாய் கோணுதோ, ரெண்டு கையையும் தூக்க ஒண்டு இறங்குதோ, கதை குழறுதோ எண்டு பாத்து, கடைசியா ஆள் எப்ப நல்லா இருந்தவர் எண்ட நேரத்தைக் குறிச்சுக் குடுக்கோணும், மூளைக்குப் போற ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் இருக்கு.

குறையள். 32 பேருக்கு ரெண்டு பொம்மை எண்டது காணவே காணாது, ஒராளுக்கு ஆகக்கூடினது நாலு நிமிசம்தான் கிடைச்சுது. ரெண்டுமே பெரிய ஆளின்ர பொம்மை, கைக்குழந்தைக்கு நெஞ்சை எப்பிடி அமத்திறது, தொண்டையில ஏதும் அடைச்சா கவிழ்த்துப் போட்டு முதுகில எப்பிடித் தட்டுறது எண்டதை ஒரு துவாயைச் சுருட்டி வச்சுக் காட்டினவர், பேரப்பிள்ளையளைப் பாக்கிற அம்மாமார் பத்துப்பேருக்கு மேல வந்திருந்தவை, அவைக்கு முக்கியமா வேண்டினது அதுதான். ரெண்டாம் நாள் விளக்கு ஏத்துறது, பேச்சு, சான்றிதழ், போட்டோ எண்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல போட்டுது, அதால ரத்தப்போக்குப் பாடத்தைப் பத்து நிமிசத்தில முடிச்சவை. மரத்தால, சீவல் தொழிலில, விழுந்த ஆளின்ர கழுத்தை அசைக்காம எப்பிடித் திருப்புறது எண்டதைச் சொன்னவர், எங்களைச் செய்ய விடேல்லை. தந்த கையேடு தமிழ்தான் எண்டாலும் வாசிக்க விளங்காத தமிழ், தம்பி கதைச்சதை அப்பிடியே எழுதித் தந்திருக்கலாம்.

வகுப்பு முடிஞ்சு 12 நாளில எனக்கு வேலை வந்தது. மத்தியானம் 2 மணி இருக்கும், வழமையா வாற ஐயா ஒராள் சைக்கிளைச் சரியா நிப்பாட்டாம விழுத்திப்போட்டு உள்ள வந்தார், ஒரு றாத்தல் பாண் எண்டார், எடுத்துக் குடுத்தன், கையில வச்சுக்கொண்டே திருப்பி ஒரு றாத்தல் பாண் எண்டார். காசை எண்ண ஏலாமக் கீழ கொட்டினார். சோடா குடிச்சுக்கொண்டு நிண்ட ரெண்டு பெடியள் ஐயா நல்ல வெறியில எண்டு சிரிச்சவங்கள். முந்தி எண்டால் நானும் அப்பிடித்தான் நினைச்சிருப்பன். அந்தப் படலையடி ஞாபகம் வர ஒருக்கா நிண்டு ஆளைப் பாத்தன். சேட் முதுகோட ஒட்டி நனைஞ்சிருக்கு, விரல் நடுங்குது, முகம் வெளிறிப் போச்சு, கிட்டப் போனா கள்ளு மணம் ஒரு துளியும் இல்லை. கதிரையில இருத்தி ரெண்டு கையையும் தூக்கச் சொன்னன், ரெண்டும் ஒரே மாதிரி வந்தது, வாய் கோணேல்லை. "ஐயா மத்தியானம் சாப்பிட்டனீங்களோ?" எண்டன். மனுசி கோயிலுக்குப் போட்டா எண்டார், அதுதான் மறுமொழி. சேட் பொக்கற்றில குளிசைக் கார்ட் இருந்தது, கிளிக்லசைட், சலரோகத்துக்குச் சீனியை இறக்கிற குளிசை.

சீனி இறங்கிட்டுது எண்டு விளங்கிச்சு. முதல் ஒரு மிடறு தண்ணி குடுத்துப் பாத்தன், புரைக்காம விழுங்கினார், அதுக்குப் பிறகுதான் அரைக் கிளாஸ் தண்ணிக்குள்ள நாலு தேக்கரண்டி சீனி கரைச்சுக் குடுத்தன். நினைவு இல்லாத ஆளெண்டால் வாயில ஒண்டும் விடக்கூடாது, சரிச்சுப் படுக்க வைக்கோணும், அது வகுப்பில நாலு தரம் சொன்னது. சிரிச்ச பெடியளில ஒருத்தனை 1990க்கு அடிக்கச் சொன்னன், மற்றவன் ஓடிப்போய்ச் சந்தியில நிண்டான், நல்ல பெடியள் ரெண்டும். 13 நிமிசத்தில வந்திட்டினம். அதுக்கிடையில ஐயா என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்கு என்ன பிள்ளை நடந்தது எண்டு கேட்டார், எனக்குக் கண்ணீர் வந்திட்டுது.

அம்புலன்சில வந்த பிள்ளை விரலில குத்திச் சீனி பாக்க 64, சீனி குடுத்த பிறகும். 70க்குக் கீழ எண்டாலே குறைவு, அப்ப கடைக்கு வரேக்க எவ்வளவில நிண்டிருப்பார் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஐயா வீட்டை போறன் எண்டு அடம்பிடிச்சவர். அந்தப் பிள்ளை குந்தி இருந்து அவற்ற கையைப் பிடிச்சுக்கொண்டு, ஐயா இந்தக் குளிசை உடம்பில கன மணித்தியாலம் நிக்கும், இப்ப ஏறின சீனியை இரவு நித்திரையில திருப்பி இறக்கிப்போடும், ஆஸ்பத்திரியில ஒரு நாள் வச்சுப் பாக்கோணும் எண்டு பொறுமையாச் சொல்லி ஏத்திக்கொண்டு போனவ. இது வகுப்பில சொல்லேல்லை, நான் எண்டால் பிஸ்கற் குடுத்து வீட்டை அனுப்பியிருப்பன். அடுத்த வகுப்பில இதையும் சேர்க்கச் சொல்லி தம்பிக்கு வற்ஸ்அப்பில போட்டனான்.

தைப்பொங்கல் கழிய அடுத்த வகுப்பு வைக்கினமாம், அதே 3500 ரூபா. இந்த முறை எங்கட இவரை அனுப்புறன், கடையை நான் பாப்பன். குழந்தைப் பொம்மை ஒண்டு கொண்டுவருவம் எண்டு சொல்லியிருக்கினம், கொண்டு வந்தா அந்தப் பாடத்துக்கு மட்டும் எண்டாலும் கடையைப் பூட்டிப்போட்டு நானும் போவன்.